அகோன்காகுவா ஏற வேண்டுமா? முதலில் லீவைக் கணக்குப் போடுங்கள்

கயிற்றில் தொங்கவோ பனிச்சுவரில் ஏறவோ தெரியாத ஒருவர் கிட்டத்தட்ட ஏழாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போக முடியுமா? அர்ஜென்டினாவில் முடியும். அகோன்காகுவாவின் உயரம் 6,961 மீட்டர், ஆசியாவை விட்டு வெளியே வந்தால் உலகில் இதைவிட உயரமான மலை கிடையாது. அப்படியிருந்தும் வடமேற்குப் பக்கம் போகும் வழக்கமான பாதையில், நல்ல கோடையில், அடியிலிருந்து உச்சிவரை காலால் நடந்தே போய்விடலாம். 2020 பிப்ரவரி 1-ஆம் தேதி காம்யா கார்த்திகேயன் என்ற 12 வயதுப் பெண் ஏறியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து, சரி, கொஞ்சம் நீளமான ட்ரெக்கிங்தானே என்று கிளம்புகிறவர்கள் நிறைய. போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உச்சியைத் தொடாமல்தான் திரும்புகிறார்கள். பலருக்குக் கால் தெம்பு தீர்வதற்கு முன்னாலேயே லீவு தீர்ந்துபோகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் ஷூவைப் பற்றிப் பேசுவதைவிட நாட்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

எந்தப் பாதை

தொழில்நுட்ப ஏற்றம், அதாவது கயிறு கட்டிப் பாறையிலோ பனிச்சுவரிலோ ஏறுவது, தேவைப்படாத பாதைகள் இரண்டு. ஒன்று ஓர்கோனெஸ் பள்ளத்தாக்கு வழியாக பிளாசா தெ முலாஸ் என்ற அடிவார முகாமுக்குப் போகும் வழக்கமான பாதை. இன்னொன்று கிழக்கே வாகாஸ் பள்ளத்தாக்கு வழியாக மூன்று நாள் நடந்து பிளாசா அர்ஜென்டினாவுக்குப் போய், மலையைச் சுற்றிக்கொண்டு மேலே வழக்கமான பாதையோடு சேருவது. இரண்டாவதில் கூட்டம் குறைவு, அழகும் அதிகம், செலவும் கூடத்தான். முதல் தடவை போகிறவர்களுக்கு என் பரிந்துரை வழக்கமான பாதைதான், தூசியும் கூட்டமும் இருந்தாலும் பரவாயில்லை. டாக்டர், ரேஞ்சர், கோவேறு கழுதை, காசு கொடுத்தால் வைஃபை, வெந்நீர்க் குளியல்கூட 4,300 மீட்டரில் கிடைக்கிறது. ஏதாவது ஆனால் இறங்கும் வழியும் குழப்பமில்லாதது. போலந்துக்காரர்கள் 1934-இல் ஏறிய பனியாற்றுப் பாதை, பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் ஏறிய தெற்குச் சுவர் இரண்டும் வேறு உலகம், இங்கே பேச்சே வேண்டாம்.

எப்போது

அங்கே கோடை என்பது நமக்கு மார்கழி, தை. ஏறும் பருவம் நவம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் வரை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை உச்சப் பருவம், கட்டணமும் அப்போதுதான் அதிகம். நவம்பரில் குளிரும் பனியும் கூடுதல், மேல் முகாம்களில் ஆள் குறைவு. பிப்ரவரி நடுவுக்கு மேல் மறுபடி குளிர ஆரம்பித்துவிடும். புதியவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது ஜனவரியில் போவது நல்லது என்பது என் எண்ணம். கூட்டம் ஒரு தொல்லைதான், ஆனால் பாதை தெரியாத இடத்தில் முன்னால் நாலு பேர் போவது ஒரு தைரியம்.

இருபது நாள் கணக்கு

ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு, பூங்காவுக்குள் நுழைந்த நாளிலிருந்து 20 நாளுக்குச் செல்லும். அந்த இருபதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதுதான் மொத்தத் திட்டமும்.

உயரம் கூடக் கூட ஆக்சிஜன் குறையும், அதற்கு உடம்பு மெதுவாகத்தான் பழகும். அதற்காக மருத்துவர்கள் சொல்லும் பொது விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, தூங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். அகோன்காகுவாவில் முகாம்கள் இருக்கும் இடம் இந்த விதிக்கு ஒத்துவராது. முதல் முகாமான கொன்ஃபுளுவென்சியா சுமார் 3,400 மீட்டர், அடுத்ததான பிளாசா தெ முலாஸ் சுமார் 4,300. ஒரே தாவலில் 900 மீட்டர். நடுவில் தங்க முகாம் கிடையாது. அதனால் தாவலுக்கு முன்னும் பின்னும் நாளைப் போட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும்.

நான் போடும் கணக்கு இப்படி. முதல் நாள் ஓர்கோனெஸ் வாசலிலிருந்து கொன்ஃபுளுவென்சியா, நாலு மணி நேர நடைதான். இரண்டாம் நாள் பிளாசா பிரான்சியா பக்கம் 4,000 மீட்டர் தாண்டிப் போய், தெற்குச் சுவரை வாய் பிளந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே முகாமில் தூக்கம். மூன்றாம் நாள் பிளாசா தெ முலாஸ். இது நீளமான, அலுப்பான நாள், தட்டையான ஆற்றுப் படுகையில் வெயிலில் மணிக்கணக்காக நடந்துவிட்டு, களைத்துப்போன நேரத்தில் கடைசியில் ஒரு செங்குத்து ஏற்றம் வரும், பல பேருக்குத் தலைவலி தொடங்குவது அன்று ராத்திரிதான். நான்காம் நாள் முழு ஓய்வு. ஐந்தாம் நாள் எதிரே இருக்கும் பொனெத்தே என்ற 5,000 மீட்டர் சிகரத்துக்கு வெறுங்கையோடு ஏறி இறங்குவது. ஆறு ஓய்வு, டாக்டர் பரிசோதனை. ஏழாம் நாள் சாப்பாடு, எரிபொருள், பனி ஷூ எல்லாவற்றையும் சுமந்து பிளாசா கனடா முகாமில் (5,000 மீட்டரை ஒட்டி) வைத்துவிட்டுக் கீழே வந்து தூங்குவது. எட்டு ஓய்வு. ஒன்பது கனடா. பத்து அடுத்த முகாமான நிதோ தெ கோந்தோரெஸ், 5,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பதினொன்று அங்கேயே. பன்னிரண்டு கடைசி முகாமான கோலெரா, கிட்டத்தட்ட 6,000. பதின்மூன்று உச்சி. பதினான்கு பிளாசா தெ முலாஸ், பதினைந்து வெளியே.

மிச்சம் ஐந்து நாள். இந்த ஐந்தும் காற்றுக்கு. பசிபிக் பக்கமிருந்து வரும் மேல்காற்றுக்குக் குறுக்கே நிற்கும் மலை இது, உச்சிப் பக்கம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி அடிப்பது அங்கே அதிசயமில்லை. மூன்று நாள் தொடர்ந்து அடித்தால் மூன்று நாளும் கூடாரத்தில்தான். பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்று திரும்பும் டிக்கெட்டைப் போட்டு வருகிறவர், பதினாறாம் நாள் வானம் தெளியும்போது விமான நிலையத்தில் இருப்பார். சில பயண நிறுவனங்கள் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் திட்டம் விற்கின்றன, மலிவாகவும் இருக்கும், எடுக்காதீர்கள்.

ஊரிலிருந்து போய்வரும் நாளையும், மலைக்குக் கிளம்பும் நகரமான மெண்டோசாவில் இரண்டு நாளையும் சேர்த்தால் நான்கு வாரம். அலுவலகத்தில் நான்கு வாரம் கிடைக்காது என்றால் இந்த வருடம் வேறு மலைக்குப் போங்கள், கிளிமஞ்சாரோ ஒரு வாரத்தில் முடியும்.

அனுமதி, விசா, பணம்

மலை இருப்பது மெண்டோசா மாகாணப் பூங்காவுக்குள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கட்டணம் ஒவ்வொரு பருவத்துக்கும் மாறுகிறது, வெளிநாட்டவருக்கு டாலரில் பல நூறு, சில சமயம் ஆயிரத்தைத் தாண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சேவையோடு வருகிறவருக்கு ஒரு விலை, அது இல்லாமல் வருகிறவருக்கு அதைவிடக் கூடுதல் விலை. பழைய பயணக் குறிப்புகளில் பார்த்த தொகையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள், மாகாண அரசின் தளத்தில் அந்தப் பருவத்துக்கான அறிவிப்பைப் பாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு அர்ஜென்டினா விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு 2025-இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சிலியின் சாந்தியாகோவில் இறங்கி ஆண்டிஸைத் தாண்டி பஸ்ஸில் மெண்டோசா வரும் வழி அருமையான காட்சி, ஆனால் இன்னொரு நாட்டு விசா, எல்லையில் சாப்பாட்டுப் பைகளைக் கொட்டிப் பார்க்கும் சிலி சோதனை என்று தொல்லை உண்டு. பியூனஸ் அயர்ஸ் போய் உள்நாட்டு விமானத்தில் மெண்டோசா போவது சுலபம்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது சின்ன எழுத்தைப் படியுங்கள். சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பெரும்பாலும் மலையேற்றத்தை விலக்கியிருக்கும், சேர்த்திருந்தாலும் 4,000 அல்லது 6,000 மீட்டர் என்று வரம்பு இருக்கும். 7,000 மீட்டர் வரை என்றும் ஹெலிகாப்டர் மீட்பு உண்டு என்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

முழு ஏற்பாடா, பாதி ஏற்பாடா

வழிகாட்டியோடு கூடிய முழுப் பயணம் விமானச் செலவு இல்லாமலே நாலாயிரம், ஐந்தாயிரம் டாலர், அதற்கு மேலும் போகும். எல்லாவற்றையும் தானே சுமந்து போவது மிகவும் மலிவு, ஆனால் முதல் தடவைக்கு அது தண்டனை. நடுவில் ஒரு வழி இருக்கிறது: கோவேறு கழுதையும் அடிவார முகாம் வசதியும் மட்டும் ஒரு நிறுவனத்திடம் எடுத்துக்கொண்டு மேலே சொந்தமாக ஏறுவது. ஒரு கழுதை 60 கிலோ வரை சுமக்கும், விலை கழுதைக் கணக்கு, ஆகவே இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். பிளாசா தெ முலாஸுக்கு மேல் கழுதை வராது. அங்கிருந்து உங்கள் முதுகு, அல்லது கூலிக்குப் போர்ட்டர். கோலெராவுக்குக் கூடாரத்தைத் தூக்க மட்டும் போர்ட்டர் வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, உச்சி நாளுக்கு முந்தின நாள் மிச்சப்படுத்தும் தெம்புக்கு அது கொடுக்க வேண்டிய காசுதான்.

வெளியூர்ப் பனிமலையில் முன்னே பின்னே கூடாரம் போட்டுப் பழக்கம் இல்லாதவர் வழிகாட்டியோடு போங்கள். இதில் பேரம் வேண்டாம்.

உடம்பைத் தயார் செய்வது

ஆறு மாதம் தேவை. ஓட்டம் நல்லது, அதைவிட நல்லது முதுகில் 15, 18 கிலோ வைத்துக்கொண்டு படி ஏறுவது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளியங்கிரி, திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலை, மாடி வீட்டுக்காரர்களுக்கு மொட்டை மாடிவரை படிக்கட்டு. வாரத்தில் ஒருநாள் ஆறேழு மணி நேரம் விடாமல் மெதுவாக நடக்கப் பழகுங்கள். உச்சி நாளில் வேகம் யாருக்கும் பயன்படாது, நிற்காமல் ஆமைபோல் நகரத் தெரிந்தவர்தான் போய்ச் சேருகிறார்.

ஆனால் ஜிம் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஜிம்மில் தெரிந்துகொள்ள முடியாது. 1897 ஜனவரி 14-இல் இந்த மலையில் முதலில் ஏறியவர் என்று பதிவாகியிருக்கும் மத்தியாஸ் சுர்பிரிக்கன், எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவரின் குழுவில் வழிகாட்டியாக வந்தவர். குழுவுக்குத் தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்ட். அவர் திரும்பத் திரும்ப முயன்றும் உயர நோய் தாக்கி உச்சிக்குப் போக முடியவில்லை. தன் உடம்பு எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, இங்கே வருவதற்கு முன்னால் இமயத்திலோ கிளிமஞ்சாரோவிலோ 5,500 மீட்டரையாவது ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உத்தரகாசி, டார்ஜிலிங் நிறுவனங்களில் அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடித்திருந்தால் இன்னும் நல்லது, கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) மாட்டி நடப்பது கைவந்திருக்கும்.

சாமான்

எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். மெண்டோசாவில் வாடகைக் கடைகள் உண்டு: இரட்டை அடுக்கு பூட்ஸ், மைனஸ் 25 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், இறகு அடைத்த கனமான டவுன் ஜாக்கெட், கிராம்பான். பூட்ஸை மட்டும் இரண்டு ஜோடி காலுறையோடு போட்டுப் பார்த்து, கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடந்து பார்த்து எடுங்கள். விரல் இடிக்கும் பூட்ஸ் இறங்கும்போது நகத்தைக் கழற்றிவிடும். உச்சியில் மைனஸ் 20, 30 டிகிரி, காற்று சேர்ந்தால் உடம்புக்கு அதைவிட மோசம், ஆகவே கைக்குக் கையுறையோடு மேலே போட மிட்டனும் (விரல்களுக்குத் தனித்தனி உறை இல்லாத கையுறை) கட்டாயம்.

வாடகைக்கு எடுக்கக் கூடாதவை உள்ளாடை அடுக்குகள், கறுப்புக் கண்ணாடி, தலைவிளக்கு. கூடாரம் நான்கு பருவத்துக்கானதாக இருக்கட்டும், கட்டும் கயிற்றைக் கூடுதலாக எடுத்துப்போங்கள், மேலே ஆணி இறங்காது, கல்லில்தான் கட்ட வேண்டும். அடுப்பு எரிபொருளை விமானத்தில் கொண்டுபோக முடியாது, மெண்டோசாவில் வாங்க வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

5,500 மீட்டரில் தண்ணீர் 82 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாது, பருப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நம் ஊர்ச் சரக்கில் அங்கே ஜெயிப்பது அவல்தான், வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும், புளிக்காய்ச்சல் பொடியோ ரசப்பொடியோ போட்டுக் கிளறினால் நாக்கு செத்துப்போன ராத்திரியிலும் இறங்கும். வறுத்த ரவையில் செய்த உடனடி உப்புமா, நூடுல்ஸ், சூப், பால்பவுடர் எல்லாம் சரி. மேலே பசி எடுக்காது, அதனால் சத்தைப் பார்த்து வாங்குவதைவிடப் பிடித்ததைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். சைவம் என்றால் நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள், மாட்டிறைச்சி நாட்டில் கடைசி நேரத்தில் சொன்னால் பாஸ்தாதான் வரும். ஊரிலிருந்து கொண்டுபோவது எல்லாம் கம்பெனி பாக்கெட்டில், லேபிளோடு இருக்கட்டும், வீட்டில் கட்டிய பொட்டலம் சுங்கத்தில் மாட்டும்.

ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர். கொன்ஃபுளுவென்சியா தண்ணீரில் தாது உப்பு அதிகம், வயிற்றைக் கலக்கும், வாங்கியதையோ சுத்திகரித்ததையோ குடியுங்கள். மேல் முகாம்களில் பனியை உருக்குவதுதான் வேலையே. மாலையில் இரண்டு மணி நேரம் அதற்கே போய்விடும், எரிபொருளைக் கணக்கிடும்போது சமையலைவிட இதற்குத்தான் அதிகம் ஒதுக்க வேண்டும்.

டாக்டர் கூடாரம்

கொன்ஃபுளுவென்சியாவிலும் பிளாசா தெ முலாஸிலும் பூங்கா மருத்துவர்கள் ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நுரையீரல் சத்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே விடுவார்கள். 4,300 மீட்டரில் ஆக்சிஜன் அளவு 80-களில் காட்டுவது சகஜம், ஊரில் கோவிட் காலத்தில் பார்த்த எண்களை நினைத்துக் கலங்க வேண்டாம். ரத்த அழுத்தம் கூடியிருந்தால் காத்திருக்கச் சொல்வார்கள். அதற்கும் அந்த ஐந்து நாள் உதவும். அவர்களிடம் தலைவலியை மறைப்பது மாதிரி முட்டாள்தனம் வேறில்லை.

அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், பலர் எடுக்கிறார்கள். ஊரில் டாக்டரிடம் கேட்டு, சல்ஃபா அலர்ஜி இல்லை என்று உறுதிசெய்து, வீட்டிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும், இரண்டும் சாதாரணம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. குதிகாலை விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் இறங்குவது, உடனே, நடுராத்திரியாக இருந்தாலும். மேல் முகாம்களுக்கு ஹெலிகாப்டர் வரும் என்று நம்பிக்கொண்டு உட்கார முடியாது. கூடாரத்தில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். அதனால் தனியாகப் போகாதீர்கள், அதற்கு முதல் காரணம் இதுதான். 2006-இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறிமுடித்த நெல்லூர்க்காரர் மல்லி மஸ்தான் பாபு, அத்தனை அனுபவத்தோடும் 2015-இல் இதே ஆண்டிஸில், அர்ஜென்டினா–சிலி எல்லையில் வேறொரு சிகரத்துக்குத் தனியாகப் போய் உயிரை விட்டார்.

உச்சி நாள்

கோலெராவிலிருந்து ஆயிரம் மீட்டர் ஏற்றம். விடியற்காலை நாலைந்து மணிக்குக் கிளம்பினால் எட்டு மணி நேரமும் ஆகலாம், பத்தும் ஆகலாம். முந்தின நாள் காற்று முன்னறிவிப்பு உச்சி உயரத்துக்கு மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் சொன்னால் நான் கிளம்பச் சொல்லமாட்டேன். உச்சியில் குடைக்காளான் மாதிரி மேகம் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான், மேலே புயல் என்று அர்த்தம்.

சுமார் 6,400 மீட்டரில் இந்திபெந்தென்சியா என்ற உடைந்த மரக்குடில் வரும். கிராம்பான் மாட்டுவது பெரும்பாலும் இங்கே. இதைத் தாண்டியதும் காற்று நேராக அடிக்கும் கணவாய், பிறகு நீண்ட குறுக்குப் பாதை. இங்கேயே விரல் மரத்துப்போகிறது என்றால் மேலே சரியாகாது, திரும்புங்கள். குறுக்குப் பாதை முடியும் இடத்தில் பாறை ஒதுக்கு ஒன்று, ஓய்வெடுக்கலாம். அதற்கப்புறம் கனலெத்தா. சரளையும் உருளும் கல்லும் நிறைந்த கடைசி ஏற்றம், ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும், ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. இரண்டு அடி, நாலு மூச்சு, இரண்டு அடி. வழி தவறுகிறதோ என்று சந்தேகம் வராது, இவ்வளவு தூரம் வந்து என்ன செய்கிறேன் என்ற சந்தேகம்தான் வரும்.

திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவுசெய்துவிடுங்கள். மதியம் 2 மணி என்று பலர் வைக்கிறார்கள். எங்கே இருந்தாலும், உச்சி கண்ணில் தெரிந்தாலும், அந்த நேரத்தில் திரும்ப வேண்டும். பிற்பகலில்தான் மேகம் கூடும், வெண்காற்று என்று அங்கே சொல்லும் பனிப்புயலில் பத்தடி தூரம் தெரியாது. அப்போது குறுக்குப் பாதையை விட்டுவிட்டு அகலமான சரளைச் சரிவில் நேராக இறங்கிவிடலாம் என்று தோன்றும். முகாமைத் தவறவிட அதுவே வழி. ஜிபிஎஸ்ஸில் ஏறும்போதே தடம் பதிவுசெய்து, பேட்டரியை உள்சட்டைப் பையில் சூடாக வைத்திருங்கள்.

இறங்குவது

உச்சி நாளில் கோலெராவுக்கு வந்து தூங்கி, மறுநாள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஒரே இறக்கமாக பிளாசா தெ முலாஸ். வாசலில் எண் போட்ட குப்பைப் பை கொடுத்திருப்பார்கள், அதை நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும், தொலைத்தால் அபராதம். மேல் முகாம்களில் மலம்கூடத் தனிப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும், ஆகவே கெட்டியான பைகளை இரண்டு மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கழுதையை முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். மூட்டை நீங்கள் வாசலுக்கு வந்து சில மணி நேரம் கழித்தும் வரலாம், அதனால் செருப்பு, மாற்றுச் சட்டை, பணம், கடவுச்சீட்டு நான்கையும் முதுகுப்பையிலேயே வைத்திருங்கள். அன்றைக்கே மெண்டோசாவுக்கு பஸ் பிடிப்பதாக இருந்தால் பிளாசா தெ முலாஸிலிருந்து காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.